தை விசாகமும் ஜமாதுல் அவ்வல் 14-உம்

ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் சைவ ஞானக் கவிஞர் தாயுமானவரின் சமாதி இருக்கிறது. திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனைப் பொறுப்பை உதறிவிட்டு, சேதுபதி சீமைக்கு வந்து அவர் அடங்கிய இடம் அது. எந்த ஆண்டு? 1742 என்பார்கள், 1744 என்பார்கள், அதற்கும் முந்தைய நூற்றாண்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் தை மாத விசாகம் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆண்டைத் தொலைத்த ஊர் நட்சத்திரத்தை விடவில்லை.

இது மறதியால் நேர்ந்ததல்ல. சைவ மரபில் அடியாரின் நாள் என்றால் அவர் இறைவனோடு கலந்த நாள்தான். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம். எல்லாம் குருபூசை நாட்கள். வைணவமோ பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டாடுகிறது. ஆண்டாளுக்கு ஆடிப்பூரம், நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம். ஒரே விசாகம் ஓரிடத்தில் வருகையைச் சொல்கிறது, இன்னோரிடத்தில் விடுதலையை!

இரண்டுக்கும் பின்னால் தத்துவம் இருக்கிறது. ஆழ்வார்கள் இறைவன் அனுப்பி வந்தவர்கள், எனவே அவர்கள் மண்ணில் கால் வைத்ததே அருள் என்பது வைணவர் நம்பிக்கை. சைவருக்குப் பிறவி என்பது அறுபட வேண்டிய கட்டு. கட்டு வந்த நாளைக் கொண்டாடுவானேன்?

இதே ராமநாதபுரக் கடற்கரையில் இன்னொரு பாட்டுக்காரர். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், மக்கள் வாயில் மஸ்தான் சாகிபு. பிறந்த ஆண்டு நூலுக்கு நூல் மாறுகிறது. சென்னையில் அவர் மறைந்ததோ ஹிஜ்ரி 1254, ஜமாதுல் அவ்வல் 14 என்று நாள் வரை சொல்லப்படுகிறது. ஆங்கிலக் கணக்கில் 1838. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் போலக் குறைவு. ஆகவே அந்த நாள் கோடையிலும் வரும், அடைமழையிலும் வரும். சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அடக்கத்தலத்தில் ஆண்டுநாள் கொண்டாடுவதை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. இறைவனுக்கு உரியது மனிதருக்குப் போய்விடுமோ என்ற அவர்களுடைய அச்சம் மதிக்கத்தக்கது.

தாயுமானவர் 389 கண்ணிகளில் பராபரக்கண்ணி பாடினார். மஸ்தான் சாகிபும் அதே பெயரில் ஒரு பராபரக்கண்ணி பாடினார். நான்மணிமாலை பாடி மஸ்தானைப் போற்றியவர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர். வழிபாட்டு எல்லைகள் பாட்டுக்கு எவ்வளவு எளிதில் வழிவிட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் உண்மையான கேள்வி எழுகிறது. சும்மா இருக்கும் சுகத்தைத் தேடிய தாயுமானவருக்கு, காலத்தைக் கடந்தவருக்கு, காலண்டரில் ஒரு நாள் எதற்கு? நாள் அவருக்காக அல்ல என்பதே சரியான விடை. பாடுகிறவர்கள் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும். 56 தலைப்புகளில் உள்ள அவருடைய 1452 பாடல்கள் ஏட்டிலேயே கிடந்தால் யாருக்கு என்ன பயன்?

தேதி துல்லியமாகத் தெரிவதாலேயே ஒரு நாள் திருநாள் ஆகிவிடாது. இதே ராமநாதபுரத்தில் பிறந்தவர், கர்நாடக இசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, பூச்சி சீனிவாச ஐயங்கார். 1860 ஆகஸ்ட் 16-இல் பிறந்தார், 1919 ஜூலை 20-இல் மறைந்தார். இரண்டு தேதியும் கையில் இருக்கின்றன. ஆனாலும் அவர் வாழ்வது அவருடைய கீர்த்தனையை ஒருவர் மேடையில் எடுக்கும் வேளையில்தான்.

வரும் தை விசாகத்தில் லட்சுமிபுரத்தில் பாடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாயுமானவரின் பராபரக்கண்ணியை ஓதி முடித்ததும், குணங்குடியாரின் பராபரக்கண்ணியிலிருந்தும் சில கண்ணிகளைப் பாடுங்கள். இருவரும் இந்த மண்ணுக்கு உரியவர்கள்.