தீங்கை நிறுத்துவதே முதல் மருந்து

தவறிய மனிதன் தன் நல்ல நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியும் எனில், எத்தனை முறை? அறத்தைப் பற்றிச் சிந்திப்போரை என்றும் விடாத இக்கேள்விக்கு, உடலினுள் ஓசையின்றிப் பணிபுரியும் கல்லீரல் ஒரு விளக்கம் தருகிறது.

1931-ஆம் ஆண்டு ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி, அது மீண்டும் வளர்வதை விவரித்தனர். இத்தகைய சோதனைகளில் சுமார் 10 நாட்களில் கல்லீரல் தன் பழைய எடையை எட்டிவிடுகிறது. வெட்டுண்ட மடல்கள் முளைப்பதில்லை. எஞ்சிய செல்களே பெருகி முழுச் சுமையையும் ஏற்கின்றன.

ஒருமுறை நேர்ந்த இழப்பை இவ்வாற்றல் ஈடுசெய்கிறது. ஆனால் மதுவோ ஹெபடைடிஸ் கிருமியோ ஆண்டுக்கணக்கில் ஓயாது தாக்கினால் நிலைமை வேறு. பலமுறை பிரிந்த செல்கள் தளர்ந்து, பிரியும் திறனை இழக்கின்றன. சில செல்கள் பித்தநாளச் செல்களின் சாயலை அடைகின்றன. வைட்டமின் 'ஏ'யைச் சேமித்து அமைதியாக இருந்த நட்சத்திர வடிவச் செல்கள், அச்சேமிப்பை இழந்து கொலாஜன் நாரை உண்டாக்குகின்றன. காயத்தை மூடவே அவை முனைகின்றன. காயம் ஓயாததால் நாரும் ஓய்வதில்லை. தழும்பின்மேல் தழும்பு படிந்து, புதிதாய்த் தோன்றும் செல்கூட்டங்களை முடிச்சு முடிச்சாகச் சூழ்ந்துகொள்கிறது. இதுவே சிரோசிஸ். காப்பதற்கென எழுந்த முயற்சியே கட்டாகிவிடுகிறது.

தீங்கைத் தொடர்ந்தபடியே பரிகாரம் தேடுபவனின் நிலையும் இத்தகையதே. மாலையில் குடித்துவிட்டு மனைவி மக்களை வருத்துகிறான். காலையில் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்கிறான். அக்கண்ணீர் பொய்யன்று. ஆயினும் தினமும் வருந்தி வருந்தி அவன் வருத்தமே மரத்துப்போகிறது; மன்னிப்போரின் மனமும் இறுகிவிடுகிறது.

இதனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் 'சி' கிருமியை மாத்திரைகளாலேயே ஒழிக்கும் சிகிச்சை 2010-களில் நடைமுறைக்கு வந்தது. கிருமி நீங்கியபின் பலருக்குத் தழும்பு படிப்படியாகக் குறைகிறது. நார் உண்டாக்கிய செல்களில் ஒரு பகுதி மடிகிறது. மற்றொரு பகுதி அமைதி நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் 2012-இல் வெளியான எலி ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையையும் தந்தன: அவ்வாறு திரும்பிய செல்கள், தீங்கு மறுபடி நேர்ந்தால் முன்னைவிட எளிதில் கிளர்ந்தெழுகின்றன. சிரோசிஸ் முற்றியோர் கிருமி ஒழிந்த பின்னும் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டியிருப்பதும் எண்ணத்தக்கது.

ஆகவே, திரும்ப முடியும். மீளும் ஆற்றல் நமக்கு அளிக்கப்பட்டிருப்பது தவறைத் தொடர்வதற்கான உரிமையாக அன்று. தீங்கை நிறுத்துவது முதற்படி. நிறுத்திய பின்னும் விழிப்புடன் வாழ்வது அடுத்த படி. இவ்விரண்டும் அமைந்தபின் கேட்கப்படும் மன்னிப்பே புண்ணை ஆற்றும்.