அம்மா போடாத கணக்கு

செங்காங்கிலிருந்து ஃபேரர் பார்க் எட்டு நிறுத்தம். ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் போகும் வழியில், திடப்படுத்தல் வகுப்புக்குப் போகும் பேரன் கேட்டான்: "தாத்தா, திரித்துவம் புரியலன்னா பரலோகம் கிடையாதா?"

பழைய சபைப் பிதா அத்தனாசியுவின் பெயரிலுள்ள விசுவாசப் பிரமாணம் (அவர் எழுதியதல்ல), திரித்துவத்தை நம்பாதவனுக்கு இரட்சிப்பு கிடையாது என்றுதான் சொல்கிறது. எனக்கோ புரசைவாக்கம் வில்லியம் ராபர்ட்ஸ் நினைவுக்கு வந்தார். வேலைக்காரராக இங்கிலாந்து போன தமிழர். ஒரே தேவன், இயேசு தேவனல்ல என்று நம்பி 1795இல் சென்னையில் சபை தொடங்கியவர். 1813இல் அங்கே ஆலயம் எழுந்தது. திரித்துவத்தை மறுப்போருக்கான தண்டனையைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நீக்கியதும் அதே ஆண்டில்தான்.

அவருக்கு இரட்சிப்பு இல்லையா? ராபர்ட்ஸ் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். குமாரன் படைப்பு என்றால், ஒரு படைப்பு இன்னொன்றை எப்படி மீட்கும்? அத்தனாசியு கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் நான் கேட்டதில்லை. ஆனால் மீட்பவர் யார் என்பது வேறு, மீட்கப்படுகிறவன் அதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு. சிலுவையில் தொங்கிய கள்ளனை யாரும் வகுப்பில் உட்கார வைக்கவில்லை.

என் அம்மா "அப்பா" என்று தொடங்கி "இயேசுவே" என்று முடிப்பார். நடுவில் அழுவார். ஆள் எத்தனை, சாரம் எத்தனை என்று கணக்குப் போட்டதே இல்லை.

"அப்போ பரீட்சைல என்ன எழுதட்டும்?" என்றான் பேரன்.

"போதகர் சொன்னதை எழுது" என்றேன்.