யாருடைய மன்னிப்பை விற்கிறோம்?

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் முன்பெல்லாம் கைப்பையிலிருந்து மாத நாவல் வெளிவரும். இப்போது செல்பேசி வெளிவருகிறது. பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நடக்கிற பெண்ணுக்கு அந்தக் கால்மணி நேரம் கதைக்கானது என்பது மட்டும் மாறவில்லை.

அந்தக் கதைகளில் ஒரு வகைக்கு வாசகிகளே ‘ஆன்டி ஹீரோ நாவல்’ என்கிறார்கள். ஒருவன் பழிவாங்குவதற்காக ஒருத்திக்கு வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுவான். அடைத்து வைப்பான். அவள் ஒப்புதல் இல்லாமல் தொடுவான். இருபதாம் அத்தியாயத்தில் அவனுடைய சிறுவயதுத் துயரம் தெரியவரும். முப்பதாம் அத்தியாயத்தில் அவள் அவனைக் காதலிப்பாள்.

இவற்றை எழுதுகிறவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்த ஒருவர் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறார். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு அத்தியாயம் எழுதுகிறார். “நல்லவனை எழுதினா யாரும் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்கறாங்கக்கா. இவனை எழுதினாத்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியுது” என்றார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

‘இது அழுக்குப் பணம்’ என்பது முதலில் வரும் பதில். இதை நான் சந்தேகிக்கிறேன். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எச்சரித்தார்கள். அந்தக் காலத்தில்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பெண் எழுதுவதும் அதை விற்பதுமே தவறாகப் பார்க்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. அந்தக் குரலோடு நம் குரல் சேர்ந்துவிடக் கூடாது.

மேலும், இந்தக் கதையைக் கண்டுபிடித்தவர்கள் பூந்தமல்லிப் பெண்கள் அல்லர். 1989இல் வந்த ‘புதிய பாதை’ படத்தில் கூலிக்கு அடியாள் வேலை செய்பவன் ஒரு பெண்ணை வன்புணர்கிறான். அவள் அவன் இருக்கும் இடத்துக்கே குடிவந்து, அவனையே மணந்து, அவனைத் திருத்துகிறாள். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆண் எடுத்தால் விருது, பெண் எழுதினால் குப்பை என்ற தராசு நம்முடையதாக இருக்க முடியாது.

அதற்காக ‘வெறும் கதைதானே’ என்ற பதிலையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் சிறுமியாக இருந்த ஒருத்தியை வன்புணர்ந்து தண்டனை பெற்றவனுக்கு, அவளோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் கிடைத்தது. அந்தப் பெண் சமரசத்துக்கு மறுத்தார். ஜூலை 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கோ திருமணத்துக்கோ இடமில்லை என்றது. அந்த மாதமே உயர்நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நாவல் படித்துவிட்டு அந்த உத்தரவு எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முப்பதாம் அத்தியாயத்தை நாம் எல்லோரும் அவ்வளவு முறை படித்தும் பார்த்தும் இருக்கிறோம். ‘பேசி முடித்துவிடலாம்’ என்ற சொல் நியாயமாகவே காதில் விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், 18 வயது நிறைந்த மனைவியின் ஒப்புதல் இல்லாமல் கணவன் கொள்ளும் உறவை வன்புணர்வாகக் கருதவில்லை. நாவலில் தாலி செய்கிற வேலையைச் சட்டத்திலும் அது செய்கிறது.

அப்படியானால் வன்முறையை எழுதவே கூடாதா? எழுதலாம். எழுதி விற்கவும் செய்யலாம். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் கடையில் விற்கும் ஆனந்த விகடனில்தான் வந்தது. மழை நாளில் காரில் சீரழிக்கப்பட்ட மகளின் தலையில் தாய் நீரூற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நீரூற்றுவது கறை என்ற எண்ணத்தை ஒப்புக்கொள்வதுதானே என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்தச் சிறுகதை அவனை மாப்பிள்ளையாக்க வழி தேடவில்லை.

ஆகவே நான் பணத்தையும் பார்ப்பதில்லை, வன்முறை எத்தனை பக்கம் என்றும் எண்ணுவதில்லை. கதாநாயகிக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் தனக்கு நடந்தது முப்பதாம் அத்தியாயத்தில் அவளுக்கு நினைவிருந்தால், அவள் கேள்வி கேட்பாள், பயப்படுவாள், போய்விடுவாள், மன்னிக்கவும் செய்யலாம். மன்னிப்பது அவள் உரிமை. ஆனால் பெரும்பாலான கதைகளில் அவள் மன்னிப்பதே இல்லை. எழுதுகிறவர் அவள் நினைவை அழித்துவிட்டு அவள் சார்பில் மன்னித்துவிடுகிறார். விலைக்குப் போவது அந்த மன்னிப்புதான். அதை வாங்கிப் படிப்பவள், அதே நினைவோடு ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவளாகவும் இருக்கலாம். வறுமை பூந்தமல்லித் தோழியின் பொறுப்பைக் குறைக்கும்; இல்லாமலாக்காது.

ஆனால் பொறுப்பு அவரோடு முடியவில்லை. கிண்டில் அன்லிமிடெட் போன்ற சந்தாத் திட்டங்களில் எழுத்தாளருக்குப் பணம் வருவது வாசிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில். பக்கம் நகர வேண்டுமென்றால் பயம் வேண்டும்; முடிவில் ஆறுதலும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் லாபம் பார்க்கிற நிறுவனத்தை யாரும் அறம் கேட்பதில்லை.

நாமும் இருக்கிறோம். பெண்ணிய வாசகிகளான நாம் இந்த நாவல்களைக் கேலி செய்கிறோம்; காசு கொடுத்து வாங்குவது வேறு புத்தகங்களை. நினைவுள்ள கதாநாயகியை அந்தத் தோழி எழுதினால், பக்கக் கணக்கு குறையலாம். அந்த இழப்பை இரவு பதினொரு மணிக்கு எழுத உட்காருகிற ஒருத்தி மட்டும் ஏற்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. முப்பதாம் அத்தியாயத்தை மாற்றி எழுதச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறேன். எழுதினால் அதைக் காசு கொடுத்துப் படிக்க நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி உங்களுக்கும்தான், தோழிகளே.