எறிந்த கல்லும் எறிந்த கையும்

பிள்ளையின் தலையில் அடித்து, "இனித் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தவர் மறுநாளே குடித்துவிட்டு வந்து நிற்கிறார். வீடு அவரைப் பொய்யர் என்கிறது. சத்தியம் செய்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் பெரிய வேதனை.

இந்தச் சிக்கலை அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார். கையை விட்டுப்போன கல்லைத் திரும்ப அழைக்க முடியாது. ஆனாலும் எறியாமல் இருப்பது ஒரு காலத்தில் எறிந்தவன் வசம்தான் இருந்தது. ஆகவே பொறுப்பும் அவனுடையதே என்பது அவர் வாதம். போதையில் செய்த குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை விதித்த கிரேக்க ஆட்சியாளர் பிட்டாகஸின் சட்டமும் அவர் எழுத்தில் வருகிறது.

எறிந்த கையே மாறிப்போனால்?

மது உடலில் சிதைந்து அசிட்டால்டிஹைடு ஆகிறது. இந்த நச்சு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, அதன் இரு இழைகளையும் பிரியவிடாமல் பூட்டிவிடும். 2018-இல் கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேலின் குழு, இந்த நச்சிலிருந்து காக்கும் மரபணுக்களை நீக்கிய எலிகளுக்கு மதுவைச் செலுத்தி, ரத்த மூல செல்களில் டிஎன்ஏ அறுந்துபோவதைக் காட்டியது. அது ரத்தம். மூளைக்குள்ளும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் இதே நச்சை உண்டாக்குகின்றன. அங்குள்ள நரம்பு செல்களோ பெரும்பாலும் மறுபடி பிரிந்து பெருகாதவை. 2019-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷெல்லி பெர்கரின் குழு கண்டது இன்னும் நுட்பமானது. மதுவிலிருந்து கிடைக்கும் அசிட்டேட், எலி மூளையில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறி, கற்றல் சார்ந்த மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றுகிறது. மது கிடைத்த இடத்தை எலி நாடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டிய உறுப்பிலேயே இத்தனை நடக்கும்போது யாரிடம் கணக்குக் கேட்பது? "பாவம் செய்தாய்" என்பவர்களும் "நோய்தானே, உன் குற்றமில்லை" என்பவர்களும், ஆளுக்கொரு பக்கமாக நின்று, அந்த மனிதரைத் தனியே விட்டுவிடுகிறார்கள்.

1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்தார்கள்: பங்குத் தரகர் பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர்களால் உருவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பின்னாளில் பன்னிரண்டு படிகளை வகுத்தது. மதுவின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது முதல் படி. தன்னால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய் ஈடுசெய்வது ஒன்பதாம் படி. இடையில் கடவுள், அவரவர் புரிந்துகொண்டபடி. சக்தியில்லை என்ற வாயாலேயே பொறுப்பையும் ஏற்கச் சொல்கிறது இது. தர்க்கத்தில் முரண்போலத் தெரியலாம். வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

1935 ஜூனில் ஒரு காலை. அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிய பாப்பின் கைகள் நடுங்கின. நடுக்கம் நிற்கட்டும் என்று பில் ஒரு பீர் கொடுத்தார். சிகிச்சை முடிந்தும் பாப் நெடுநேரம் வீடு திரும்பவில்லை. மறுபடி குடிக்கப் போய்விட்டாரோ என்று வீட்டில் தவித்தார்கள். அவரோ கடன்காரர்கள், தன்னால் மனம் நொந்தவர்கள் என்று ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 1950-இல் இறக்கும்வரை அவர் அதன்பின் குடிக்கவில்லை.