கல்லும் மனிதனும்

எகிப்தில் அஸ்வான் உயர் அணை எழுந்தபோது, மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அபு சிம்பெல் கோயில்கள் மூழ்கவிருந்தன. பல நாடுகள் பொருள் தந்தன. 1964 முதல் 1968 வரை அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, எண்ணிட்டு, சுமார் 65 மீட்டர் உயரே மீண்டும் பொருத்தினார்கள். ஆண்டுக்கு இருமுறை கருவறைக்குள் விழும் காலைக் கதிர்கூட மறுபடியும் விழுந்தது.

அதே அணைக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபிய மக்களும் ஊரை இழந்தார்கள். சூடான் பக்கத்தவருள் பெரும்பாலோர், நைல் நதி கண்ணிலேயே படாத காஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கல்லைக் காத்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கோயிலுக்கு அதன் சூரியனைத் திருப்பித் தந்த மனித குலம், மனிதனுக்கு அவன் நதியைத் தர ஏன் மறந்தது? சிலை பேசாது, அதற்காக உலகமே பேசிற்று. பேசத் தெரிந்த மனிதனின் குரல்தான் எடுபடவில்லை.