கேட்பதும் மதிப்பதும்

ஒருவரது பொருளைத் தொடுமுன் அவரிடம் கேட்கிறோம்; கேட்பது மரியாதை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆயினும், கேட்டுவிட்டதனாலேயே அவரை மதித்துவிட்டோம் என்று கொள்ளலாமா? கணினித் திரையில் அன்றாடம் தோன்றும் ஒரு சிறு பெட்டி இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாள்களில் முதல் வடிவம் தந்த நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதில் 'கன்ஃபர்ம்' என்றொரு கட்டளை உண்டு. அது ஒரு வினாவைக் காட்டி, 'சரி', 'ரத்து' என்னும் இரு பொத்தான்களை நம்முன் நீட்டும். விடை கிடைக்கும்வரை பக்கத்தின் இயக்கம் நின்று காத்திருக்கும்.

சாளரத்தை மூடவும் அம்மொழியில் கட்டளை உண்டு. ஆனால், நிரல் தானே திறந்த சாளரத்தைத்தான் பொதுவாக அது மூடலாம். பயனர் திறந்த சாளரத்தை நிரல் மூட முயன்றபோது, பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, 'மூடலாமா?' என்று பயனரிடமே கேட்டது. திறந்தவருக்கே மூடும் உரிமை என்பது இதன் உட்பொருள். இங்கே வினா, உரிமையின் காவலாக நின்றது.

அதே வினா தடுப்புச் சுவராகவும் மாறியது. பாதி நிரப்பிய விண்ணப்பமோ, முடியாத கடிதமோ அழிந்துவிடாதிருக்க, பக்கத்தைவிட்டு நீங்குவோரை எச்சரிக்கும் வசதி ஏற்பட்டது. சிலர் அதில் அச்சுறுத்தும் சொற்களையும் குழப்பும் சொற்களையும் எழுதி, வெளியேற விரும்பியவரை மறித்தனர். எனவே 2016இல் குரோம் உலாவி, அப்பெட்டியில் பக்க ஆசிரியர் தம் சொற்களை எழுதும் உரிமையை நீக்கியது. அன்றுமுதல் உலாவியின் பொதுவாசகமே அங்கே தோன்றுகிறது. இன்னது அழியப்போகிறது என்று நல்லெண்ணத்தோடு குறிப்பிட்டுச் சொல்ல விழைபவரும் அவ்வாய்ப்பை இழந்தனர். சிலரது வஞ்சகம் பலரது சொல்லைப் பறித்தது.

மற்றொரு தீங்கு ஆரவாரமின்றி நிகழ்வது. அற்பச் செயல்களுக்கெல்லாம் 'உறுதிதானா?' என்று கேட்கப்படும்போது, நாம் படிக்காமலே 'சரி' என்று அழுத்தப் பழகுகிறோம். உண்மையான இழப்பு நேரும் நாளிலும் விரல் அவ்வாறே அழுத்துகிறது. 'இப்பதிவை ரத்து செய்யலாமா?' என்று கேட்டு, 'சரி', 'ரத்து' என்னும் பொத்தான்களையே காட்டினால், எதை அழுத்துவது? பின்னர், "நாங்கள் கேட்டோம், அவரே இசைந்தார்" என்று கூறுவது பொறுப்பை எளியவர் தோளில் இறக்கிவைக்கும் தந்திரமன்றோ?

எழுதியதைத் தானே சேமித்துவைத்தலும், செய்த செயலைத் திரும்பப்பெற வழிவிடுதலும் நூறு வினாக்களினும் மேலான மரியாதை. மீட்கவியலாத இடத்தில் மட்டும் கேட்போம். அழியப்போவதைத் தெளிவாகச் சொல்லி, பொத்தான்களில் 'அழி', 'வைத்திரு' என்றே எழுதுவோம்.

நிரலுக்கு மட்டுமன்று, இல்லத்திலும் அலுவலகத்திலும் இசைவு கேட்கும் நம் அனைவருக்கும் இது பொருந்தும். 'இல்லை' என்னும் விடையையும் ஏற்க ஆயத்தமாயிருப்பவரே உண்மையில் கேட்கிறார். நம் வினாக்கள் எத்தகையன என்பதை நம் மனச்சான்று அறியும்.