குரல் மாறும் இடம்

மும்பையின் மாட்டுங்கா கிழக்கில், ஆஸ்திக சமாஜக் கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் சாயங்காலம் சற்று நின்று பார்க்க வேண்டும். பூ கட்டும் அம்மாவிடம் ஒருவர் தமிழில் விலை கேட்கிறார், அடுத்தவர் மராத்தியில், காரை ஓரங்கட்டிவிட்டு வந்த டிரைவர் இந்தியில். அவரவர் மொழியில் பதில் வருகிறது. ஆளுக்கு ஆள் முகம்கூடக் கொஞ்சம் மாறுகிறது. விரல்கள் மட்டும் தம் போக்கில் மொட்டுகளை நாரில் வைத்து முடிந்துகொண்டே போகின்றன.

பிழைக்க வந்த ஊரில் முகம் பலவாகிவிடும். இதில் எது நிஜமான நான் என்ற கேள்வி எப்போதாவது வந்து நெஞ்சைப் பிடிக்கும். பல முகம் இருப்பதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. பேத்தியிடம் கொஞ்சுகிற தாத்தா வங்கியில் அப்படிப் பேசுவாரா? இரண்டும் அவர்தான். அன்பால் மாறும் குரல் வேறு, பயத்தால் மாறும் குரல் வேறு. 1966-ல் சிவசேனா தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் தெருவுக்கு வந்த காலத்தில், ரயிலில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? ஆனால் ஆபத்து விலகிய பிறகும் பயம் உடம்பை விட்டுப் போவதில்லை. ஒளிவதே சுபாவமாகிவிடுகிறது. தாராவிப் பெண்களோ பொங்கலன்று தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நிமிர்கிறது.

‘எது நிஜமான நான்’ என்ற அந்தக் கேள்விக்கான விடையை இதே மும்பையில் வாழ்ந்து காட்டியவர் நிசர்கதத்த மகராஜ். 1897-ல் பிறந்தவர், பூர்வாசிரமப் பெயர் மாருதி. பீடிக்கடை வியாபாரி, பிள்ளைகுட்டிக்காரர். 1933-ல் சித்தராமேஷ்வர் மகராஜைச் சந்தித்தார். ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்விலேயே நில், அதன்மேல் ஒட்டிக்கொண்ட மற்றதையெல்லாம் விடு என்பது குரு தந்த உபதேசத்தின் சாரம். மூன்றே ஆண்டுகளில் தெளிந்துவிட்டது. குரு மறைந்த பின் துறவியாக ஊர் ஊராகத் திரிந்தார், பிறகு குடும்பத்துக்கும் கடைக்குமே திரும்பினார். காவி கட்டவில்லை. 1973-ல் அவருடைய உரையாடல்கள் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் தட்’ என்று வெளிவந்ததும் கடல் கடந்து ஆட்கள் தேடி வந்தார்கள். கேத்வாடிச் சந்தின் சின்ன மாடியறையில், தன் வழக்கமான மராத்தியிலேயே, கோபம் வந்தால் கோபத்தோடே பேசினார். வந்தவர்களுக்காகக் குரலை இனிப்பாக்கிக்கொள்ளவில்லை. 1981-ல் மறையும்வரை அப்படித்தான்.

அந்த நூலை மொழிபெயர்த்த மாரிஸ் ஃப்ரிட்மன் முன்னமே திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்தவர். அங்கும் இதே விசாரணைதான். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை ‘நான் யார்?’ என்று கேட்க, மௌனத்தில் இருந்த இளைஞர் ரமணர் பதிலை எழுதிக் காட்டினார். நிசர்கதத்தர், ரமணர் இருவருமே உண்மையான தன்னைப் புதிதாகச் செய்துகொள்ளச் சொல்லவில்லை. கணவன், கடைக்காரன், தமிழன் என்ற வேடங்களுக்கு அடியில் அது எப்போதும் இருக்கிறது. அதை அறிந்தவருக்கு வேடங்களைக் கிழித்தெறியும் அவசரமும் இல்லை.

செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் வேலைக்குப் போகிறவருக்கும் இது கூடும். பேச வாய் திறக்கும்போது குரல் எங்கே மாறுகிறது என்று கவனித்தால் போதும். எதிரே இருப்பவரைத் தொடுவதற்காக மாறுகிறதா, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவா? உடனே திருத்த வேண்டாம். பார்த்துக்கொண்டே இருக்க, ஒருநாள் சின்னச் சின்ன நிஜ வார்த்தைகள் தாமாக வரத் தொடங்கும். ‘எனக்குத் தெரியாது’ என்று மேலதிகாரியிடம். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று மனைவியிடம்.